சுரமெல்லாம் சரி, பாட்டு மட்டும் வரவில்லை

மேலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பத்தா பாடிய தாலாட்டை, ஒன்றரை நிமிடம்தான், போன வருடம் போனில் பதிந்து வைத்திருக்கிறார். அதைப் பியானோவுக்கு எழுத வேண்டும். ஒரு மென்பொருளில் போட்டுச் சுரங்களை எடுத்தார், தப்பாக வந்த இடங்களைக் காதால் கேட்டுத் திருத்தினார், கீபோர்டில் வாசித்தும் பார்த்தார். "சுரமெல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு, ஆனா டைப்ரைட்டர் சத்தம் மாதிரி கேக்குது. பாட்டா வரல. எங்க தப்பு பண்றேன்? அப்பத்தா குரல் வேற அஞ்சு கட்டைக்கும் அஞ்சரைக் கட்டைக்கும் நடுவுல நிக்குது, எதுல எழுதுறது?" என்று கேட்டு (கட்டை என்பது பாடுகிறவர் தன் ச-வை வைத்துக்கொள்ளும் உயரம்), அப்பத்தாவின் பதிவு, தான் வாசித்த பதிவு, மிடி கோப்பு மூன்றையும் அனுப்பியிருக்கிறார்.

மூன்றையும் பார்த்தேன் தம்பி. அப்பத்தாவின் பதிவை மட்டும் நாலைந்து தரம் கேட்டேன், எல்லாத் தரமும் உங்கள் கேள்விக்காக இல்லை. உங்கள் காதில் குறையே கிடையாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கோட்டைவிட்ட இடங்களைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். சிக்கல் வேறு. மிடி கோப்பைத் திறந்து ஒவ்வொரு சுரமாகப் பார்த்தால் எல்லாவற்றின் பலமும் 78, 80, 82 என்று ஒரே மட்டத்தில் கிடக்கிறது. (தெரியாதவர்களுக்காக: 1983இல் வந்த மிடி முறையில், ஒரு சுரத்தை எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பதை 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகக் குறித்து வைப்பார்கள்.) மொத்தம் இருநூற்றுச் சொச்சம் சுரம், அத்தனையும் ஒரே உயரம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகூட "ஈரெண்டு நாலு" என்னும்போது நாலில் கொஞ்சம் அழுத்தும்.

அப்பத்தா இருநூறு சுரம் பாடவில்லை. அவர் பாடியது அறுபது எழுபது இருக்கும். மிச்சமெல்லாம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற வழி. மென்பொருளுக்கு ஊரும் தெரியாது வழியும் தெரியாது, பஸ் நின்ற இடத்தையெல்லாம் ஊர் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

இது ஏன் பியானோவில் மட்டும் இவ்வளவு அசிங்கமாகத் தெரிகிறது என்றால், அந்த வாத்தியத்தின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1700 வாக்கில் இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபொரி என்பவர் கண்டுபிடித்ததன் சாரம் இவ்வளவுதான்: கீயை அழுத்தினால் ஒரு சின்னச் சுத்தியல் கம்பியை நோக்கி எறியப்படுகிறது, கம்பியைத் தொட இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே அது கீயின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது, அடிக்கிறது, தானாக விலகிவிடுகிறது. அதாவது சத்தம் பிறக்கிற கணத்தில் உங்கள் விரலுக்கும் சுத்தியலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதற்கப்புறம் விரலைக் குலுக்கினாலும், கண்ணை மூடிக்கொண்டு கீயைப் போட்டு அமுக்கினாலும் சுரம் மாறாது. எவ்வளவு வேகத்தில் எறிந்தோம், எப்போது எறிந்தோம், எப்போது கம்பியை அடக்கினோம், இந்த மூன்றைத்தான் வாத்தியம் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. அடித்த மறுகணமே சுரம் தேய ஆரம்பிக்கிறது. குரல் இதற்கு நேர்மாறு. அப்பத்தா "ரோ"வை மெதுவாகத் தொடங்கி, நடுவில் பெருக்கி, அசைத்து, இழைத்து இறக்குகிறார். அதில் ஒன்றுகூடப் பியானோவால் முடியாது. முடியாததை முடிகிற மாதிரி கேட்க வைப்பதுதான் இந்தத் தொழிலே.

நம் ஆட்களுக்கு இது புதுச் சங்கடம் இல்லை. சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்கும். எனக்கு ராஜபார்ட்டும் முக்கியமில்லை, பபூனும் முக்கியமில்லை, மேடை ஓரத்தில் காலால் துருத்தியை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் ஆர்மோனியம் வாசிக்கிறவரைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ராஜபார்ட் ஒரு சுரத்தில் நின்று குரலை அசைத்து இழுக்கும்போது, இவர் அந்த அசைவைக் கீயில் வாசிக்க முயலவே மாட்டார். பக்கத்துக் கீயைச் சும்மா ஒரு கணம் தொட்டுவிட்டு அசையாமல் நிற்பார், துருத்தியில் மட்டும் காற்றைக் கூட்டிக் குறைப்பார். கீழே உட்கார்ந்திருக்கிற எங்களுக்குச் சுரமே அசைந்த மாதிரி இருக்கும். 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது, அதில் கமகம் (சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுவது) வராது, அதன் சுருதி நம்முடையது இல்லை என்பது வாதம். 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. வாதத்தில் தப்பில்லை. ஆனால் வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்தப் பெட்டிதான் மதுரை வட்டாரத்து நாடக மேடைகளைத் தாங்கியது, அதை வாசித்தவர்கள் வராத கமகத்தை எப்படி வரவழைப்பது என்று கற்றுக்கொண்டார்கள். அவர்கள் செய்ததும் டிரான்ஸ்கிரிப்ஷன்தான், ஒன்றின் இசையை இன்னொரு வாத்தியத்துக்கு மாற்றுவது, யாரும் அதற்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை.

பியானோவுக்கு அந்தத் துருத்தியும் இல்லை. அதனால் அதற்கு நெருங்கின சொந்தம் வீணைதான் என்பது என் கட்சி. வீணையும் மீட்டிய மறுகணம் தேய்கிற வாத்தியம். மதுரைக்காரர்களுக்கு வீணை தூரத்து உறவும் இல்லை, எம்.எஸ். சுப்புலட்சுமியின் அம்மா சண்முகவடிவு வாசித்தது வீணை. நல்ல வீணைக்காரர் ஒருவர் வாசிப்பதைக் கையைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். இடது கை பத்துச் சுரத்தைத் தொட்டு வரும், வலது கை இரண்டு தரமோ மூன்று தரமோதான் மீட்டியிருக்கும். மிச்சச் சுரமெல்லாம் அந்த மீட்டின் வாலில் தொங்கிக்கொண்டு வரும். எல்லாச் சுரத்துக்கும் மீட்டுப் போட்டால் அது சாதகம் பண்ணுகிற பிள்ளையின் வாசிப்பு, கேட்ட உடனே தெரிந்துவிடும். நீங்கள் பியானோவில் செய்திருப்பது அதேதான். பியானோவில் ஒவ்வொரு கீயும் ஒரு மீட்டு என்பதால், இருநூறு சுரத்துக்கு இருநூறு மீட்டு விழுந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, கீபோர்டை அணைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து, இதை வீணையில் வாசித்தால் மீட்டு எங்கெங்கே விழும் என்று குறிப்பது. வீணை தெரிந்திருக்க வேண்டாம். கூடவே பாடிப் பாருங்கள், எந்த இடத்தில் தொண்டை புதிதாக ஒரு தள்ளு தள்ளுகிறதோ அது மீட்டு.

உங்கள் பாட்டிலேயே காட்டுகிறேன். "ஆராரோ ஆரிரரோ" என்ற முதல் வரி. ஐந்து கட்டையை ஸட்ஜமாக வைத்துக்கொள்வோம், அதாவது ஜி. "ஆ" என்பது ச, "ரா" என்பது ரி, "ரோ" வந்து காந்தாரத்தில் நிற்கிறது, அதாவது பி. அங்கேதான் அப்பத்தா மத்தியமத்தைத் தொட்டுத் தொட்டு ஆட்டுகிறார். மென்பொருள் அந்த ஒரு "ரோ"வுக்கு ம க ம க ம க என்று ஆறு சுரம் எழுதியிருக்கிறது, ஆறையும் நீங்கள் 80 பலத்தில் வாசித்திருக்கிறீர்கள். தையல் மெஷின் ஓடுகிறது. வீணையில் இது ஒரே மீட்டு, காந்தாரத்து மெட்டில் (வீணைத் தண்டில் அந்தச் சுரத்துக்கான குறுக்குப் பட்டை) கம்பியை இழுத்து இழுத்து விடுவார்கள், அவ்வளவுதான்.

நான் செய்து பார்த்தது இது. காந்தாரத்துக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஒரு பொடி மத்தியமம், விழுந்ததும் எடுத்துவிட வேண்டும். அப்படியே காந்தாரத்தில் இறங்கி நில்லுங்கள், பலம் 70 போல. அது தேய்ந்து வரும்போது, ஒரு ஸ்தாயி (ஒரு ச-வுக்கும் அடுத்த ச-வுக்கும் உள்ள தூரம்) கீழே, இடது கைக் கட்டைவிரலால் ஒரு மத்தியமம், 25தான், கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு. அது அடங்குவதற்குள் மேலே காந்தாரம் இன்னொரு தரம், 40. மேலே நின்றுகொண்டிருக்கும் சுரத்துக்கும் கீழே நிழல் மாதிரி வந்துபோன சுரத்துக்கும் நடுவில் காது தானாக ஓர் அசைவைக் கற்பனை செய்துகொள்கிறது. ஆறு சம அடி போய், ஒன்று பெரியதும் மற்றவை அதன் வாலுமாக ஆகிவிட்டது. இதுதான் ஒரே வழி என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது வரியில் அதே "ரோ" வரும்போது அப்பத்தா அவ்வளவு ஆட்டவில்லை, அங்கே வெறும் காந்தாரத்தை அடித்துவிட்டுச் சும்மா இருப்பதே நன்றாக இருக்கும்.

பியானோவின் காந்தாரம் அப்பத்தாவின் காந்தாரத்தைவிட ஒரு பொடி உயரமாகக் கேட்கிறதே என்று அடுத்து கேட்பீர்கள். சரியாகத்தான் கேட்கிறீர்கள். பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காகப் போட்டிருக்கிறார்கள், அதனால் இந்தக் காந்தாரம் (அந்தர காந்தாரம் என்பார்கள்) ஸட்ஜத்தோடு இயல்பாக இழைகிற இடத்தைவிட, ஓர் அரைச் சுரத்தில் ஏழில் ஒரு பங்கு மேலே நிற்கிறது. மாற்ற முடியாது. அடியில் ஸட்ஜத்தைப் பலமாக அடித்து அதன்மேல் காந்தாரத்தையும் பலமாக வைக்காதீர்கள், உரசல் தெரிந்துவிடும். ஒன்று அடங்குகிற நேரத்தில் மற்றது வரட்டும்.

இப்படிச் சுரத்தை வெட்டினால் அப்பத்தாவுக்குத் துரோகம் இல்லையா என்று தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது, அப்புறம் ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ மேதை செய்ததைப் பார்த்துத் தெளிந்தேன். ஷூபர்ட் 1815இல் கதேயின் கவிதைக்கு மெட்டமைத்த எர்ல்கிங் என்ற பாட்டு: ராத்திரியில் பிள்ளையை அணைத்துக்கொண்டு ஓர் அப்பன் குதிரையில் பறக்கிறான், பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் ஒரு பேய் அரசன் தெரிகிறான், கூப்பிடுகிறான். கதை சொல்கிறவர், அப்பன், பிள்ளை, பேய் என்று நாலு பேரையும் ஒரே பாடகர்தான் பாடுவார். லிஸ்ட் 1838 வாக்கில் இதைப் பியானோ ஒன்றுக்கே மாற்றினார். இப்போது பாடகரும் இல்லை, வார்த்தையும் இல்லை. யார் பேசுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? அப்பனைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கினார், பிள்ளையை மேலே ஏற்றினார், பேய் நயமாகக் கூப்பிடும் இடத்தில் அடியில் வருவதை மெல்லிய அலையாகப் பரப்பினார். ஷூபர்ட் எழுதிய தாளில் இப்படி இல்லை. ஆனால் கேட்பவனுக்கு நாலு ஆள் தெரிகிறார்கள். எழுதியதை விட்டுவிட்டு, எழுதியதன் வேலையைக் காப்பாற்றியிருக்கிறார்.

லிஸ்ட் செய்த இன்னொரு காரியம் உங்களுக்கு நேரடியாகவே உதவும். ஷூபர்ட் பாட்டுகளின் பியானோப் பிரதியில், பாட ஆளே இல்லாதபோதும், பாட்டின் வரிகளைச் சுரங்களோடு சேர்த்து அச்சிட வைத்தார். பீத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளையும் பியானோவுக்கு மாற்றியபோது, இது புல்லாங்குழல், இது ஹார்ன் என்று மூல வாத்தியத்தின் பெயரைச் சுரத்துக்குப் பக்கத்தில் எழுதினார். வாசிப்பது பியானோதான், ஆனாலும் மனதில் அந்தக் குரல் இருக்க வேண்டும். நீங்களும் உங்கள் தாளில் சுரத்துக்கு மேலே தாலாட்டின் வரிகளைத் தமிழில் எழுதிவிடுங்கள். "மாமன் அடிச்சாரோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வாசிக்கிற விரல், "டிச்"சில் தானாகக் கொஞ்சம் குட்டையாக விழும், "ரோ"வில் தானாக நிற்கும். குறில் நெடில் தெரிந்த விரலுக்குப் பாதி வேலை மிச்சம்.

குறைப்பதா கூட்டுவதா என்பதில் பெரிய ஆட்களே இரண்டு கட்சி. பாக் தனி வயலினுக்கு எழுதிய டி மைனர் சகோன் என்றொரு உருப்படி இருக்கிறது, நாலே கம்பியில் ஓர் உலகத்தையே அடக்கிய இசை. 1890களில் புசோனி அதைப் பியானோவுக்கு மாற்றியபோது இரண்டு கையும் நிரம்பி வழிய, தேவாலயத்து ஆர்கன் மாதிரி எழுப்பிவிட்டார். அவருக்கு முன்பே, 1877இல், பிராம்ஸ் அதை இடது கை ஒன்றுக்கு மட்டும் எழுதினார். வயலின்காரர் நாலு கம்பியில் படுகிற பாட்டைப் பியானோக்காரரும் பட வேண்டும், அப்போதுதான் அந்த இசையின் இறுக்கம் வரும் என்பது அவர் எண்ணம். எனக்குப் புசோனியும் பிடிக்கும், மேடையில் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனால் தாலாட்டுக்குப் பிராம்ஸ் வழிதான். உங்கள் பதிவில் இரண்டாவது வரியிலேயே இடது கையில் மூன்று சுர கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்த்து அடிக்கிற சுரங்கள்) வந்துவிட்டன, சர்ச்சில் வாசிக்கிற பழக்கம் என்று நினைக்கிறேன். பிள்ளை எழுந்துவிடும் தம்பி.

மென்பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதைத் திட்டிக்கொண்டே இருப்பது நியாயமில்லை. பியானோப் பதிவிலிருந்து சுரம் எடுப்பதில் இன்றைக்கு அவை அபாரம். கூகுளின் மஜெண்டா குழு 2018இல் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியது. அவர்கள் வெளியிட்ட மேஸ்ட்ரோ என்ற தொகுப்பில் ஏறத்தாழ 200 மணி நேரப் பியானோ வாசிப்பு, ஒவ்வொரு கீயும் எப்போது எவ்வளவு வேகத்தில் இறங்கியது என்ற கணக்கோடு இருக்கிறது. சுத்தியல் விழுகிற அந்தக் கூர்மையான தொடக்கத்தைப் பிடிக்கத்தான் அப்படிப்பட்ட மென்பொருளைப் பழக்குகிறார்கள். அப்பத்தாவின் குரலில் சுத்தியல் எங்கே இருக்கிறது? அது வழுக்கிக்கொண்டு போகிறது, இதுவோ தொடக்கம் தேடித் தேடி இல்லாத இடத்திலெல்லாம் ஒன்றை நட்டுவிடுகிறது. நீங்கள் திருத்திய மேல் ஸ்தாயிச் சுரங்களும் இந்த மாதிரிதான்: 440 அதிர்வுள்ள ஒரு சுரம் ஒலித்தால் கூடவே 880, 1320 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும், சில சமயம் அந்த மடங்கையே தனிச் சுரம் என்று நம்பிவிடும். என்னென்ன சுரம் புழங்குகிறது என்று தெரிந்துகொள்ள மென்பொருளை வைத்துக்கொள்ளுங்கள். எது எப்போது என்பதை அதனிடம் கேட்காதீர்கள்.

காலக் கணக்கில்தான் பெரிய சேதம் நடந்திருக்கிறது. சுரங்களையெல்லாம் கட்டத்துக்குள் ஒட்டவைக்கும் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள், பதினாறில் ஒன்றுக்கு. அழுத்தியதும் தாள் பார்க்க அழகாகிவிட்டது, இல்லையா? தாளில் அப்பத்தாவின் பாட்டு செத்துப்போய்விட்டது.

அந்தப் பதிவில் பாட்டுக்குப் பின்னால் ஒரு சத்தம் இருக்கிறது, கவனித்தீர்களா? தூளிக் கயிறு விட்டத்தில் உரசுகிற கிரீச். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டரை விநாடி, கடைசி வரை மாறவே இல்லை. மாறவும் மாறாது, ஏனென்றால் தூளி ஒரு ஊசல். ஆட்டுகிறவரின் அவசரத்தைக் கேட்டு அது ஓடாது, தொங்குகிற நீளம்தான் முடிவு செய்யும். இரண்டரை விநாடி என்றால் ஒன்றரை மீட்டர் போலத் தொங்கியிருக்கும், உங்கள் வீட்டில் அளந்து பார்த்துச் சொல்லுங்கள். இந்த மாறாத ஆட்டத்தின் மேல்தான் அப்பத்தா இஷ்டத்துக்குப் பாடுகிறார். "ஆராரோ"வைக் கிரீச்சுக்குக் கொஞ்சம் பிந்தித் தொடங்குகிறார், நடுவில் இரண்டு வார்த்தையை ஓட்டிப் பிடிக்கிறார், கடைசி "ரோ"வில் மட்டும் தூளியோடு சேர்ந்து இறங்குகிறார். ஷோபான் என்ற பியானோ மேதை தன் மாணவர்களிடம் இடது கைதான் இசைக்குழுவை நடத்துகிறவர், அது தாளம் தவறக் கூடாது, வலது கை வேண்டுமானால் இழுக்கட்டும் என்று சொல்வாராம். ருபாட்டோ என்று பெரிய பெயர் வைத்துப் பயப்படுத்துகிற விஷயம் இதுதான், உங்கள் அப்பத்தா தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்.

ஆகவே இடது கை தூளி. கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கீழே ஒரு ஜி, ஆட்டம் திரும்பும்போது மேலே ஒரு டி, திரும்ப ஜி. அதாவது ச, ப, ச. தம்பூராவும் ஆயிற்று, தூளியும் ஆயிற்று. கீழ்ச் சுரங்கள் மேல்ச் சுரங்களைவிட வெகுநேரம் நிற்கும் என்பதால் மெதுவாகத் தொட்டாலே போதும். முதலில் ஒரு நாள் முழுக்க இடது கையை மட்டும் வாசியுங்கள். அது கை வேலை என்பதே மறந்து போன பிறகு அப்பத்தாவின் பதிவை ஓடவிட்டு, அவர் பாட்டுக்கு நீங்கள் இடது கையை மட்டும் வாசியுங்கள். வலது கை கடைசியில்.

வலது கைக்கு வரும்போது கவனிக்க வேண்டியது, அடுத்த சுரத்தை எந்தப் பலத்தில் வைப்பது என்பது. நின்றுகொண்டிருக்கிற சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ அந்த மட்டத்துக்குப் பக்கத்தில் அடுத்தது வந்து சேர்ந்தால் இரண்டும் ஒரே மூச்சில் பாடின மாதிரி ஒட்டிக்கொள்ளும். பழைய பலத்திலேயே அடித்தால் புதிதாக ஒருவர் பேச ஆரம்பித்த மாதிரி இருக்கும். நீளமான சுரத்துக்குப் பின்னால் வருவது எப்போதும் சன்னமாக வரட்டும். இதற்கு ஒரு பயிற்சி: காந்தாரத்தை அடித்துவிட்டு நாலு விநாடி கேட்டுக்கொண்டிருங்கள், பிறகு ரிஷபத்தை அதன் மிச்சத்துக்குள் நுழைக்கப் பாருங்கள். பத்துத் தரத்தில் எட்டுத் தரம் ஒன்று முட்டும், அல்லது சத்தமே வராது. வருகிற இரண்டை விரல் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

இரண்டு கையும் சேரும்போது மெட்டின் சுரம் இடது கையைவிட மயிரிழை முந்தி விழுந்தால் பதறாதீர்கள். நல்ல பியானோக் கலைஞர்களின் வாசிப்பை அளந்தவர்கள், மெட்டு 20, 30 மில்லி விநாடி முந்துவதைக் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது திட்டமிட்டுச் செய்வதுகூட இல்லை, வேகமாக எறிந்த சுத்தியல் முதலில் போய்ச் சேருகிறது. நூறு வருடத்துக்கு முந்தைய பதிவுகளைக் கேட்டால் இடது கை முன்னால் விழுந்து வலது கை சாவகாசமாக வருவதும் சகஜம், பிறகு அது பழைய மோஸ்தராகிவிட்டது. அப்பத்தா பிந்தித் தொடங்கும் இடங்களில் நீங்கள் தாராளமாக அந்தப் பழைய மோஸ்தரில் வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பெடலை (சுரம் அடங்காமல் நிற்க வைக்கும் கால் மிதி) முதல் நொடியில் மிதித்துவிட்டு ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் எடுத்திருக்கிறீர்கள். ச ரி க ம எல்லாம் சேர்ந்து கூழாகிவிட்டது. புதுச் சுரத்தைக் கை அடிக்கிற கணத்தில் கால் மேலே வர வேண்டும், உடனே திரும்ப இறங்க வேண்டும். கை கீழே, கால் மேலே. முதல் வாரம் இரண்டும் சண்டை போடும்.

நல்ல பியானோவில் பெடலைப் பாதி மிதித்துப் பழைய சுரத்தின் சாயலை மட்டும் மிச்சம் வைக்கலாம். உங்கள் 61 கீ கீபோர்டோடு வருகிற சின்னப் பெடலுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. அதனால் பாதிப் பெடல் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். அதே கீபோர்டில் சுரத்தை வளைக்கும் சக்கரம் ஒன்று இருக்கும், கச்சேரியிலும் கல்யாணத்திலும் கமகத்துக்கு அதைத்தான் திருப்புகிறார்கள். நன்றாகவே இருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது பியானோ, அதைத் தொடாதீர்கள். தொடு உணர்வு அமைப்பு இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள், உங்கள் 80, 80, 80க்கு அது அணைந்து கிடப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முடிந்தால் மதுரைக்கு வந்து ஒரு நிஜப் பியானோவில் ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் அடைமழைக்கும் மரம் விரிந்து சுருங்கி, சித்திரையில் பிடித்த சுருதி ஐப்பசியில் இருக்காது. நான் கற்றுக்கொண்ட பழைய பியானோவில் கீழ் ஸ்தாயிச் சுத்தியல்களின் கம்பளியைப் பூச்சி தின்றுவிட்டது. பொறுப்பில் இருந்தவர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொல்வோம், அவர்களும் ஒவ்வொரு வருடமும் தலையாட்டுவார்கள். கம்பளி போன சுத்தியல் தகரத்தில் அடித்த மாதிரி கேட்கும். எந்தச் சுரத்தை எவ்வளவு மெதுவாகத் தொட்டால் தகரச் சத்தம் வராது என்று தேடித் தேடித்தான் எனக்கு மெதுவாக வாசிக்கவே வந்தது.

கடைசியாக அந்தக் கட்டைக் கேள்வி. ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் என்று மென்பொருள் சொன்னது மொத்தப் பதிவின் சராசரி. பதிவை இரண்டாக வெட்டிச் சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்டேன். 52ஆவது விநாடியில் அப்பத்தா பாட்டை நிறுத்திவிட்டு "ஏ, அங்கிட்டுப் போ" என்று ஆட்டை விரட்டுகிறார் பாருங்கள், நீங்கள் வாசிக்கும்போது அந்த இடத்தை வேண்டாத சத்தம் என்று எடுத்துவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டியிருக்கிறீர்கள். ஆட்டுக்கு முன்னால் அவர் ஐந்து கட்டையில்தான் பாடுகிறார், ஒரு நூலிழை ஏற்றம், அவ்வளவே. அதட்டிய வேகத்தில் குரல் ஏறிவிட்டது. திரும்ப எடுக்கும்போது சுத்தமாக ஐந்தரை. அந்த இடைவெளியில் தூளி மட்டும் இரண்டு ஆட்டம் ஆடுகிறது. அதைத் திரும்ப உள்ளே வையுங்கள். ஐந்து கட்டையில் எழுதுங்கள், அந்த இடம் வந்ததும் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஆட்டம் பழையபடி ஜியிலும் டியிலும் போகட்டும், இரண்டாவது ஆட்டத்தில் இடது கையை ஐந்தரைக்கு நகர்த்திவிடுங்கள், அப்பத்தா வந்து சேர்ந்துகொள்வார்.